ஒருத்தி, இன்னொருத்தி

அலுமாரிக்குள் இருந்துதான் வாசிக்கிறேன்.
சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும்.
லிங்கநகரில் இரவு பதினொன்றரைக்குப் பிறகுதான்
ஓட்டோக்கள் அடங்கும்.
ஐஸ் ஃபக்டரியின் உறுமலை மட்டும்
ஸ்காபரோவில் இருந்து நிமலேஸ் வழித்தெடுத்துவிடுவான்.

இந்தக் கிழமை ரஷ்யாக்காரன்.
வெனியமின் குர்ளோவ்.
ஆற்றோரத்து ஊர், ஆறு மாதம் பனி,
பால் தொழிற்சாலையில் கணக்கெழுதியவன்.
கொலை பதினான்கு.
"குரலை இன்னும் இறக்குங்கோ, தர்மினி அக்கா,
சனத்துக்கு முதுகு சில்லிட வேணும்."

இறக்கினேன்.
முட்டைக்கோசுச் சூப்பில் அவன் எத்தனை மிளகு போடுவான் என்று வாசித்தேன்.
படியில் கிழவிகளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவானாம், வாசித்தேன்.
பூனையின் பெயர் வாசித்தேன்.
சிறைக்கு அவனைத் தேடி வந்த காதல் கடிதங்கள் மூன்று சாக்கு,
அதற்கு என் குரலில் ஒரு சின்னச் சிரிப்பும் கேட்டிருந்தான் நிமலேஸ்,
சிரித்தேன்.

செத்தவர்கள் இப்படி வந்தார்கள்:
ஒருத்தி.
இன்னொருத்தி.
அடுத்த மாரியில் மற்றொருத்தி.
பிறகு நீலக் கோட்டுப் போட்ட ஒருத்தி.
ஆறாவதுக்கு ஒரு வரி கூட:
"ஆசிரியையான ஒருத்தி, அன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாள்."

நானும் தவறவிட்டிருக்கிறேன்.
திருகோணமலை பஸ் ஸ்ராண்டில், மழைக்குள்,
ஒரு மான் பக்கத்தில் நின்று
சோற்றுப் பார்சல் தாளைச் சப்பிக்கொண்டிருந்தது.
மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் கேட்டான்,
எங்க போகோணும்?
நல்ல மனிசன்.
அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தேடினேன்.
விடிய இரண்டு மணிக்கு
எழுத்துப் புரியாத ஒரு பழைய உள்ளூர்ப் பத்திரிகையில்
சாம்பல் நிறத்தில் ஒரு முகம்,
இரட்டை நாடி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு.
ஸினாயிதா பாவ்லொவ்னா ரியாபொவா.
பூகோளம் படிப்பித்தவர்.

இயற்கைத் துறைமுகங்கள் என்று ஒரு பாடம்
அங்கேயும் இருந்திருக்கும்.
அவருடைய குச்சியின் நுனி ஒரு கணம்
எங்கள் கொட்டியாரக் குடாவில் நின்றிருக்கலாம்.
பின்வாங்கில் ஒரு பொடியன் கொட்டாவி விட்டிருக்கலாம்.

திரும்ப அலுமாரிக்குள் போனேன்.
"ஒருத்தி"யை அழித்தேன். பெயரைப் போட்டேன்.
"தவறவிட்டாள்" என்பதைத் "தவறவிட்டார்" ஆக்கினேன்.
மூன்று தரம் நாக்குப் பிரண்டது.
நாலாவது சரி.

காலையில் நிமலேஸ்:
"அக்கா, பெயர் வந்தால் சனம் எழும்பிப் போயிடும்.
கிராஃப் விழும். வெட்டிட்டன், குறை நினைக்காதேங்கோ.
குர்ளோவ் எண்டு இன்னும் ரெண்டு தரம் சொல்லி அனுப்புங்கோ."

சொல்லி அனுப்பினேன். காசு வந்தது.

இங்கேயும் கொன்றார்கள்.
இங்கே செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது,
தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு
வெயிலில் நின்று அதைச் சத்தமாகவே சொல்கிறார்கள்.
கொன்றவனுக்குத்தான்
முகம் இல்லை, சூப்பு இல்லை, பூனை இல்லை.
அவனைப் பற்றி வாசிக்கச் சொல்லி
எனக்கு ஒருவரும் அனுப்பியதில்லை.
அனுப்பினால் வாசிப்பேனா என்று
அலுமாரிக் கதவைச் சாத்தும்போது நினைத்துக்கொள்வேன்,
கதவு சாத்தின பிறகு நினைப்பதில்லை.

மீன் சந்தையில் சூடை நிறுக்கிற றிஸ்வி
என் குரலைக் கண்டுபிடித்துவிட்டான்.
கத்தியைத் தூக்கிப் பிடித்து, குரலை இறக்கி,
"வெனியமின்... குர்ளோவ்" என்கிறான்,
என்னை விட நன்றாக.
ரெண்டாம் பாகம் எப்ப, அக்கா?

ஸினாயிதாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

யோசித்தான். தராசுத் தட்டு ஆடி நின்றது.
"அது அவன்ர பூனை எல்லோ?"
பிறகு அவனே தலையை ஆட்டி,
"இல்லை இல்லை, பூனை முர்க்கா."

முர்க்காதான்.
அரைக் கிலோ சூடைக்குக் காசைக் கொடுத்தேன்.

வெட்டின நாலு செக்கன் என் ஃபோனில் கிடக்கிறது.
ரியாபொவாவா, ரியபோவாவா,
எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.